தாத்தாவுக்கு ஒரு புள்ளடி

என் புருஷன் காளியப்பனை வெள்ளவத்தையில் பொலிஸ் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மனுஷன் பால்மா வாங்கப் போனவர். சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தது. அட்டை இல்லாமல் போயிருந்தால்கூட நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார். இருந்ததுதான் வினையாகிவிட்டது. அதில் விலாசம் வவுனியா.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் காலையில் காலி வீதியில் தமிழ் பேசுகிறவன் தும்மவும் யோசிப்பான். அந்த வருஷத்தில் வவுனியா அட்டையை வைத்துக்கொண்டு பால்மா வாங்கப் போன ஒரே மேதாவி என் வீட்டில்தான் இருந்தார். "அந்த அட்டையை மாத்துங்க, மாத்துங்க" என்று பதினைந்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். நான் வேலை செய்வது பத்திரம் எழுதும் நொத்தாரிசு கண்ணப்பனின் ஒபிஸில், தட்டச்சுக்காரியாக. ஊரார் காணி உறுதி, ஊரார் பிறப்பு, ஊரார் இறப்பு எல்லாம் என் விரலால் சரியாகும். என் வீட்டு அட்டை ஒன்று மட்டும் சரியாகவில்லை.

நாங்கள் வடக்கு ஆட்கள் இல்லை. தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்த சனம். இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிறகு சரக்குக் கிட்டங்கிக் காவலாளியானவர். எழுபத்தேழில் கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி கிடையாது. ஒரு குழாயும் நாற்பது வீடும்தான். அந்த வருஷம் ஜூலையில் தேர்தல் நடந்தது, ஓகஸ்டில் கலவரம். எதிர்வீட்டு அஸீஸா தாத்தா எங்கள் இருவரையும் இரண்டு நாள் தன் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு பயத்தில் வவுனியாவுக்கு ஓடினோம். அங்கே ஐந்து வருஷம் காடு வெட்டினோம். அட்டை அப்போது எடுத்தது. மழை ஏமாற்றியதும் மறுபடியும் கொழும்புக்கே வந்துவிட்டோம். எங்கள் வடக்கு வரலாறு அவ்வளவுதான்.

அஸீஸா தாத்தா என்றதும் தாடி வைத்த கிழவரை நினைக்க வேண்டாம். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. எங்களுக்கு அது அப்பாவின் அப்பா. சிங்களத்தில் அதே சொல் அப்பாவைக் குறிக்கும். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பாமல் கொழும்பில் வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். எங்களால் குழப்பாமல் இருக்க முடியவில்லை.

பொலிஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அதன் வாசலில்தான் பஸ் ஏறுகிறேன். செவ்வாய் மத்தியானம் என் அட்டை, வீட்டுப் பதிவுத் துண்டு, கண்ணப்பன் ஐயா கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேசையில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் இருந்தான். இருபத்துநாலு இருபத்தைந்து வயது இருக்கும். முளைப்பதா வேண்டாமா என்று மீசை இன்னும் முடிவு செய்யாமல் இருந்தது. மரியாதையாகத்தான் பேசினான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பிறகு ஃபைலைத் திறந்து வாசித்தான்.

"உங்கள் புருஷனே ஒப்புக்கொண்டுவிட்டார், அம்மா. மற்றவர்களின் பெயரைப் பயன்படுத்துகிற ஆள் இவர்."

நடந்தது இதுதான். 'வவுனியாக்காரன் நீ, கொழும்பில் எப்போதிருந்து இருக்கிறாய்' என்று இவன் கேட்டிருக்கிறான். 'எழுபத்தேழில் இங்கேதான் வோட்டுப் போட்டேன்' என்று என் மகாராசன் சொல்லியிருக்கிறார். அதோடு வாயை மூடியிருக்கலாம். 'மூன்று போட்டேன்' என்றும் சேர்த்திருக்கிறார். ஒரு ஆள் எப்படி மூன்று போடலாம் என்று கேட்டதற்குத் தன் துறைமுகச் சிங்களத்தில் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார். அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்கள்.

"தாத்தாட்ட எக்கய், மல்லிட்ட எக்கய், மட்ட எக்கய்."

அப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அப்பன் பெயரிலும் தம்பி பெயரிலும் கள்ள வோட்டுப் போட்ட ஆள்! இன்றைக்கு யாருடைய பெயரில் இருக்கிறாரோ என்பது சப் இன்ஸ்பெக்டரின் சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் தெளிவாகாவிட்டால் தடுப்புக்காவல் உத்தரவோடு தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றான். அங்கே போனவர்களைப் பார்க்க பஸ்ஸில் அலையும் பெண்களில் மூன்று பேருக்கு நானே மனு தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். ஒருத்தி இரண்டு வருஷமாக அலைகிறாள்.

ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயத்தோடேயே சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

"சேர், அது அப்பா இல்லை. தாத்தா என்றால் அஸீஸா. எதிர்வீட்டுப் பொம்பிளை. மல்லி என்பது சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பையன்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"எனக்குச் சிங்களம் படிப்பிக்க வேண்டாம், அம்மா" என்றான் அவன்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எழுபத்தேழில் அவன் அரைக்காற்சட்டையோடு மண்ணில் விளையாடியிருப்பான். கொழும்பு மத்தி என்று ஒரு தொகுதி இருந்ததையும் அதற்கு மூன்று உறுப்பினர் இருந்ததையும் யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது? நாற்பத்தேழிலிருந்து அப்படித்தான். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், பறங்கியர் எல்லாரும் நெருக்கிக்கொண்டு கிடக்கிற இடம். ஒரே ஒரு ஆசனம் கொடுத்தால் ஒரு பக்கத்தார் மட்டும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து மூன்று ஆசனம் வைத்தான். அதனால் வாக்காளருக்கும் ஆளுக்கு மூன்று புள்ளடி, அதாவது மூன்று வோட்டு. விரும்பினால் மூன்று பேருக்குப் பிரித்துப் போடலாம். இல்லாவிட்டால் மூன்றையும் ஒரே ஆளுக்குக் குத்தலாம். பக்கத்துத் தொகுதியில் ஆளுக்கு ஒரே புள்ளடிதான். அங்கிருந்த என் மைத்துனி பொறாமையில் வெந்தாள். பிறகு புது அரசியலமைப்பு வந்தது, தொகுதிக்குப் பதில் மாவட்டம் வந்தது, விருப்பு வாக்கு வந்தது. எங்கள் மூன்று புள்ளடி போன இடம் தெரியவில்லை.

அந்த எழுபத்தேழுதான் எங்கள் இருவருக்கும் முதல் வோட்டு. இவருடைய அப்பா பெரியதம்பி நாற்பத்தேழில் ஒரு தடவை போட்டவர். அடுத்த தேர்தலுக்குள் சட்டம் கொண்டுவந்து எங்கள் சனத்தின் பெயரையெல்லாம் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள். மனுஷன் நாடற்றவராகவே செத்துப்போனார். இவருடைய தம்பி இராமரை இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இவருக்கு மட்டும் எப்படியோ இந்த நாட்டுப் பிரஜை என்று கடதாசி வந்தது. அப்படிக் கிடைத்த வோட்டு. நான் அதை வீணாக்க விடுவேனா? ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டேன். ஒரு புள்ளடி அஸீஸா தாத்தா வேலை செய்த வேட்பாளருக்கு. அவள் என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டாள், நானும் சத்தியம் பண்ணிவிட்டேன். ஒன்று தேத்தண்ணிக் கடை மல்லி வேலை செய்த கட்சிக்கு. மிச்சம் ஒன்று நமக்கு, அதாவது சுவரில் மாட்டுகிற மணிக்கூட்டுச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற துறைமுகத்து ஆளுக்கு. தாத்தாவுக்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வாக்குச்சாவடிக்குப் போகும் வழியெல்லாம் இவருக்கு அதைப் பாடமாக்கினேன். திரும்பி வந்ததும் கேட்டேன். "போட்டேன், போட்டேன்" என்றார்.

ஆக, மனுஷன் பொலிஸில் சொன்னது நான் பாடமாக்கியதைத்தான். இருபது வருஷத்துக்குப் பிறகும் மறக்கவில்லையே என்று அந்தக் கலக்கத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை காலை கண்ணப்பன் ஐயா சொன்னபடி எழுபத்தேழாம் வருஷத்து வாக்காளர் இடாப்பைத் தேடித் தேர்தல் ஒபிஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். மூன்று தரம் உள்ளே போய் வந்தாள். "அந்தத் தொகுதியே இப்போது இல்லையே, அக்கா. பழைய இடாப்பு எங்கே கிடக்கிறதோ, எழுதித் தந்தால் ஒரு மாதத்தில் பார்க்கலாம்" என்றாள். எனக்கு இருந்தது இரண்டு நாள். அங்கிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். அஸீஸா தாத்தா இப்போது அங்கே மகள் மர்லியாவின் வீட்டில் இருந்தாள். முழங்கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்குவதே பெரும் பாடு.

கதையைக் கேட்டதும் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த அப்பாவி மனிசனயா புடிச்சீக்கிறாங்க? நான் வாறன் மயிலு. எங்கட வோட்ட ஒழுங்காப் போட்ட மனிசன். அதுக்காகச் சரி நான் வரோணும்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வியாழன் காலை அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பொறுப்பதிகாரி வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, தொந்தி வைத்த மனுஷன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று புள்ளடி என்றதும் தலையை ஆட்டினார். "ஓம், அது உண்மைதான். நான் அந்த நாளில் மருதானையில் கான்ஸ்டபிள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இளையவனைப் பார்த்தார். இளையவன் ஃபைலைப் பார்த்தான். பிறகு அஸீஸாவைக் காட்டி, "இதுதானா அந்தத் தாத்தா?" என்று கேட்டார் பெரியவர். வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதே பாதி உயிர் திரும்பிவிட்டது.

"ஆளைக் கூப்பிடுங்கள். அவன் வாயாலும் ஒரு தரம் கேட்டுவிட்டு முடிப்போம்."

கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை, செருப்பும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். அடிகிடி விழுந்ததா என்று நான் கண்ணாலேயே தேடினேன். இல்லை. அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஸீஸாவைக் கண்டார். மனுஷனின் முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

"தாத்தா என்று நீ சொன்னது இந்த அம்மாவைத்தானே?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் அஸீஸாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார்.

"இல்லீங்க சார். அப்பாவைத்தான் சொன்னேன். எங்க அப்பா பெரியதம்பி."

இளையவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "பார்த்தீர்களா சேர்! அவனே சொல்கிறான். பொம்பிளை வந்து கதை கட்டுகிறாள்" என்றான். பெரியவரின் சிரிப்பு போய்விட்டது. "உன் அப்பனுக்கு எழுபத்தேழில் வோட்டு இருந்ததா?" என்று கேட்டார். குரலே வேறாக இருந்தது.

"இல்லீங்க. அப்பா செத்து அப்பவே பதினாறு வருசம். நாப்பத்தொன்பதுலயே பேர வெட்டிட்டாங்க."

"தம்பி?"

"அவன் இந்தியா போயிட்டான் சார்."

"அப்படியென்றால் அவர்களுக்கு எப்படிப் போட்டாய்?"

"எனக்கு மூணு இருந்துச்சுங்களே" என்றார் இவர். "அவங்களுக்குத் தரல்ல. எனக்கு மட்டும் மூணு குடுத்தாங்க. உள்ள போயி பென்சில எடுத்ததும் அப்பா நெனப்பு வந்துருச்சு. இது அப்பாவுக்குன்னு ஒண்ணு போட்டேன். இது தம்பிக்குன்னு ஒண்ணு. அப்புறம் எனக்கு ஒண்ணு."

"யாருக்குப் போட்டாய் என்று கேட்கிறேன்."

"மணிக்கூட்டுக்கு."

"மூன்றுமா?"

"மூணும் சார்."

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது.

"மூணுமா? மூணையும் அந்த மணிக்கூட்டுக்காரனுக்கா குத்துனீங்க? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தாத்தாவுக்கு ஒண்ணு, மல்லிக்கு ஒண்ணுன்னு சாவடி வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேனே! இருவது வருசமா என்கிட்ட பொய்யா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"மயிலு, இது பொலிசு..."

"பொலிசு கெடக்கட்டும்! தாத்தாகிட்ட நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அடுத்த மாசமே அவங்க வீட்டு ரூமுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அவங்க சோத்தத் தின்னோமே, அப்பவாவது சொன்னீங்களா?"

"அதனாலதான் சொல்லல்ல" என்றார் அவர், யாருக்கும் கேட்காத குரலில். "அந்தச் சோத்தத் தின்னதுக்கு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அஸீஸா தாத்தா கைத்தடியைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். "எனக்கு ஒண்டுமே போடல்லையா நீங்க? அந்த நொண்டி மணிக்கூட்டுக்கா மூணும்? கட்டுக்காசும் போன மனிசனுக்கா?"

"எந்த மணிக்கூடு?" என்று இடையில் புகுந்தார் பொறுப்பதிகாரி. அவர் முகத்தில் என்னவோ மாறியிருந்தது. "கைவண்டியில் ஒரு பெரிய சுவர் மணிக்கூட்டை ஏற்றிக்கொண்டு திரிந்தானே, அந்த மனுஷனா?"

"அவருதான் சார்" என்றார் இவர்.

"அது என்ன நேரம் காட்டும்?"

"நாலே கால்" என்றோம், நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில். நான் தமிழில், இவர் சிங்களத்தில், அஸீஸா இரண்டையும் கலந்து.

ஏனென்றால் அது ஓடாது. தேர்தல் முடியும்வரை கிராண்ட்பாஸ் முழுக்க நாலே கால்தான். நேரத்துக்கு வேலை செய்வேன் என்று அந்த மனுஷன் ஒலிபெருக்கியில் கத்துவான். பின்னால் அவனுடைய மணிக்கூடு செத்துக் கிடக்கும். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி "நாலே கால், நாலே கால்" என்று கூவுவார்கள்.

பொறுப்பதிகாரி மேசையில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இளையவனிடம், "மல்லி, வவுனியாவில் இருந்து வருகிற எவனுக்கும் அந்த மணிக்கூட்டைத் தெரியாது. கொழும்பிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. அதற்கு மூன்று புள்ளடியும் போட்டேன் என்று பொய் சொல்ல ஒருவனுக்கும் மனம் வராது. இந்த மனுஷி ஏசின ஏச்சு ஒத்திகை பார்த்து வந்ததும் இல்லை" என்றார். இளையவன் பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான். பிறகு பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினான். இவர் கையெழுத்துப் போட்டார். அட்டையை நீட்டியபோது இளையவன் என்னிடம் மெதுவாக, "சீக்கிரம் விலாசத்தை மாற்றுங்கள், அம்மா" என்றான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், இப்படி ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் அஸீஸாவை உட்காரவைத்தோம். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. வெள்ளிக்கிழமை என்ற நாளை இரண்டு நாளாக வயிற்றில் கல்லைப் போலச் சுமந்துகொண்டிருந்தேன். நடுரோட்டில் நின்று அழுதேன், ஒரு வெட்கமும் இல்லாமல். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டோ மறிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அஸீஸா தாத்தா அவரைக் கிட்டக் கூப்பிட்டாள். இவர் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"உள்ளுக்கு என்னத்துக்கு உண்மையச் சொன்னீங்க? ஓம் எண்டு செல்லியிருந்தா முடிஞ்சீக்குமே."

"உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இன்னொருக்கா எப்படிங்க பொய் சொல்றது?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட வாப்பாக்குப் போட்டது சரி. அதுக்கு நான் கோவிக்க மாட்டன்" என்றாள். "ஆனா அந்தத் தம்பிட வோட்ட எனக்குத் தந்தீக்கலாம்."

இவர் சிரித்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அவளை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் கடற்கரைப் பக்கமாக நடந்தோம். செருப்பில்லாத காலோடு அவர் எனக்கு ஒரு அடி பின்னால் வந்தார்.

"மயிலு, கோவமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றேன். அப்படிச் சொல்வதைக் கேட்க இனி இவர் இருப்பாரா என்றுதான் இரண்டு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன்.